32 பிட் லினக்ஸ் கெர்னலில் நேரடி சாக்கெட் அழைப்புகளைச் சேர்த்த அனுபவம்

32 பிட் இன்டெல் கணினியில் லினக்ஸ் ஓட்டுகிறவர்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது. 2015 வரை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், நெட்வொர்க் இணைப்பின் முனையான 'சாக்கெட்'டைத் திறக்கத் தனியாக ஒரு சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) அங்கே கிடையாது. சி நிரலில் நாம் சாக்கெட், பைண்ட், கனெக்ட் என்று விதவிதமாக எழுதுவோம். லைப்ரரிக்குள் போனதும் அவை எல்லாமே 102ஆம் எண் கொண்ட சாக்கெட்கால் என்ற ஒரே அழைப்பாக மாறித்தான் கெர்னலுக்குள் நுழையும்.

சாக்கெட்காலுக்கு இரண்டே ஆர்குமென்ட் (அழைப்போடு கொடுக்கும் மதிப்பு). முதலாவது, என்ன வேலை என்று சொல்லும் எண்: 1 என்றால் சாக்கெட், 2 என்றால் பைண்ட், 3 என்றால் கனெக்ட், இப்படியே 20 வரை போகும். இரண்டாவது ஒரு பாயின்டர். உண்மையான ஆர்குமென்ட்கள் புராசஸின், அதாவது ஓடும் நிரலின், நினைவகத்தில் எங்கே வரிசையாக இருக்கின்றன என்று அது காட்டும். கெர்னலின் 'நெட்' கோப்புறையில் உள்ள சாக்கெட்.சி கோப்பைத் திறந்தால், எந்த வேலைக்கு எத்தனை ஆர்குமென்ட் என்று சொல்லும் ஒரு சின்ன அட்டவணையும், அதன் கீழே ஒரு நீளமான ஸ்விட்சும் இருக்கும். அட்டவணையைப் பார்த்துத் தேவையான அளவைத் தன் பக்கம் நகலெடுத்துக்கொண்டு, உரிய ஃபங்ஷனைக் கூப்பிடும். அவ்வளவுதான் சாக்கெட்கால்.

இந்த ஏற்பாடு பிறந்த காலத்தில் 32 பிட் இன்டெல் கட்டமைப்பான ஐ386இல், பிராசசருக்குள் மதிப்புகளை வைக்கும் ரெஜிஸ்டருக்குப் பஞ்சம். சிஸ்டம் காலுக்கு ஈபிஎக்ஸ், ஈசிஎக்ஸ், ஈடிஎக்ஸ், ஈஎஸ்ஐ, ஈடிஐ என்று ஐந்து ரெஜிஸ்டர்கள்தான் கிடைத்தன. சென்ட்டு, ரிசீவ்ஃப்ரம் இரண்டுக்கும் ஆறு ஆர்குமென்ட் வேண்டும். ஆறாவதாக ஈபிபி சேர்ந்தது பிறகுதான். 64 பிட் கெர்னல் வந்தபோது இந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. அங்கே சாக்கெட் 41, கனெக்ட் 42 என்று ஆளுக்கொரு எண்.

சரி, வேலை நடக்கிறதே, இதில் என்ன பிரச்சினை? பல வருடம் யாருக்கும் பிரச்சினை இல்லைதான். 2012இல் லினக்ஸ் 3.5 பதிப்பில் செக்காம்ப் ஃபில்டர் வந்ததும் நிலைமை மாறியது.

ஒரு புராசஸ் எந்த சிஸ்டம் கால்களைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அந்தப் புராசஸே முன்கூட்டித் தனக்கு விலங்கு போட்டுக்கொள்ள உதவுவது செக்காம்ப். ஒவ்வொரு அழைப்பிலும் அந்த ஃபில்டருக்குக் கிடைக்கும் தகவல் கொஞ்சம்தான்: அழைப்பின் எண், எந்தப் பிராசசர் கட்டமைப்பு, நிரல் எந்த இடத்தில் நிற்கிறது, ஆறு ஆர்குமென்ட்களின் மதிப்பு. ஆர்குமென்ட் ஒரு பாயின்டராக இருந்தால் அதன் பின்னால் போய்ப் படிக்க ஃபில்டருக்கு அனுமதி இல்லை. அது நியாயமான தடைதான். ஃபில்டர் படித்து முடித்த பிறகு, கெர்னல் படிப்பதற்கு முன், இன்னொரு த்ரெட் அந்த நினைவகத்தை மாற்றிவிட்டால் பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று ஆகிவிடும்.

சாக்கெட்கால் வழியாக வருவது ஒட்டிய கவரைக் காவலாளி கையில் கொடுப்பது போல. கவரின் மேல் 'சாக்கெட்' என்று எழுதியிருப்பதை அவர் படிக்கலாம், உள்ளே என்ன வகை சாக்கெட் என்று பார்க்க முடியாது. ஆகவே 32 பிட்டில் "சாக்கெட்டே திறக்கக் கூடாது" என்று ஒரு புராசஸைத் தடுக்க முடியும். "யூனிக்ஸ் சாக்கெட்டும் ஐபிவி4 சாக்கெட்டும் மட்டும் திறக்கலாம், பாக்கெட் சாக்கெட் கூடாது" என்று தடுக்க முடியாது. லினக்ஸ் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில், யூனிக்ஸ், ஐபிவி4 போன்ற முகவரிக் குடும்பங்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பு 32 பிட் எக்ஸ்86இல் பலன் தராது என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருப்பதும் இதனால்தான்.

எங்களுக்குத் தேவைப்பட்டது துல்லியமாக அந்த இரண்டாவது வகைத் தடைதான். நான் அப்போது வேலை செய்த இடத்தில், தொழிற்சாலை மீட்டர்களிலிருந்து தரவைச் சேகரித்து மேலே அனுப்பும் ஒரு கேட்வே பெட்டி தயாரித்தோம். 32 பிட் பிராசசர், 4.1 கெர்னல். வெளியிலிருந்து வரும் நம்பகமில்லாத பாக்கெட்டுகளைப் பிரித்துப் படிக்கும் ஒரு டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) அதில் இருந்தது. அதில் ஓட்டை கண்டுபிடித்து ஒருவர் உள்ளே வந்தாலும், பாக்கெட் சாக்கெட் திறந்து பக்கத்து இயந்திரங்களின் போக்குவரத்தை உளவு பார்க்கக் கூடாது என்பது எங்கள் தேவை. செக்காம்ப் இல்லாமலே இதைச் செய்ய வழி உண்டு. எஸ்இலினக்ஸ் போன்ற பாதுகாப்பு அமைப்புகள் கெர்னலுக்குள்ளே சாக்கெட் உருவாகும் இடத்தில் நின்று பார்க்கின்றன. எந்த அழைப்பு வழியாக வந்தாலும் அங்கே பிடிபடும். அதை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இதற்கு மெனக்கெட வேண்டாம். எங்கள் பெட்டியில் அது இல்லை, கொண்டுவரும் அளவுக்கு ஆளும் இல்லை.

2015 ஜூலையில் கெர்னல் நிரலாளர் ஆண்டி லூட்டோமிர்ஸ்கி 32 பிட் எக்ஸ்86க்கு நேரடி சாக்கெட் அழைப்புகளைச் சேர்க்கும் பேட்ச் (நிரல் திருத்தம்) ஒன்றை அனுப்பியிருந்தார். அதே ஆண்டு நவம்பரில் வந்த 4.3 கெர்னலில் அது சேர்ந்தது. எஸ்390, எம்68கே கட்டமைப்புகளும் அதே பதிப்பில் இதைச் செய்துகொண்டன. செக்காம்ப் ஃபில்டருக்கு வழி விடுவதுதான் அவர் சொன்ன முக்கியக் காரணம். வேகம் துளி கூடும் என்பதும் உண்டு. வேகத்தை நம்பி யாரும் இதில் இறங்க வேண்டாம். மிச்சமாவது அதிகபட்சம் 24 பைட் நகலும் ஒரு ஸ்விட்சும்தான். நெட்வொர்க் வேலையில் அது கண்ணுக்கே தெரியாது.

அந்த பேட்சை எங்கள் 4.1க்குக் கொண்டுவந்தோம். கெர்னலில் சிஸ்டம் கால் சேர்ப்பது என்றாலே பயப்படுவார்கள். இந்த விஷயத்தில் சேர்க்க வேண்டியது அட்டவணையில் பதினைந்து வரிகள். வேலையைச் செய்யும் ஃபங்ஷன்கள் எல்லாம் முன்பே உள்ளே இருக்கின்றன. சாக்கெட்கால் கூப்பிடுவதும் அவற்றைத்தான். இனி நேரடியாகவும் கூப்பிடலாம் என்று அட்டவணையில் எண் கொடுக்கிறோம், அவ்வளவே. சிஸ்கால்_32.டிபிஎல் என்ற கோப்பு 4.2 பதிப்பில் 'என்ட்ரி' என்ற கோப்புறைக்குள் இடம் மாறியதால் பேட்ச் அப்படியே பொருந்தாது. கையால் எழுதிக்கொள்ள வேண்டும்.

எழுதும்போது இரண்டு இடங்களில் நிதானம் தேவை.

ஒன்று, எண்கள். 4.1இல் ஐ386 அட்டவணை 358இல், எக்ஸெக்வேயட் என்ற அழைப்போடு முடிகிறது. அடுத்த எண் காலிதானே என்று சொந்தமாக வரிசை போட்டுக்கொள்ளும் ஆசை வரும். கூடவே கூடாது. முதன்மைக் கெர்னலில் சாக்கெட் 359, சாக்கெட்பேர் 360, பைண்ட் 361, கனெக்ட் 362, லிசன் 363, அக்செப்ட்4 364 என்று போய் 373இல் ஷட்டவுனோடு முடிகிறது. 374 யூசர்ஃபால்ட்எஃப்டி என்ற வேறோர் அழைப்புக்குப் போய்விட்டது. ஒரு எண் தள்ளி வைத்தால்கூட, நாளைக்குப் புதிய கெர்னலுக்கு மாறும்போது பழைய பைனரி வேறு எதையோ கூப்பிடும், அதை யாராலும் திருத்த முடியாது. முதன்மைக் கெர்னலில் எண் முடிவாகாத ஓர் அழைப்பை வாடிக்கையாளர் பெட்டிக்கு அனுப்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, அட்டவணையின் கடைசிப் பத்தியான காம்பாட். 64 பிட் கெர்னலில் ஓடும் 32 பிட் நிரலுக்கு எந்த ஃபங்ஷன் என்று அது சொல்லும். பெட்டியில் 32 பிட் கெர்னல் ஓடுவதால் அங்கே அது பயன்படாது. எங்கள் தானியங்கிச் சோதனைகள் 64 பிட் சர்வர்களில், 64 பிட் கெர்னல் மேல் 32 பிட் நிரல்களாக ஓடின. அங்கே அந்தப் பத்திதான் உயிர். சென்ட்எம்எஸ்ஜிக்குக் கொடுக்கும் எம்எஸ்ஜிஹெடர் அமைப்பு 32 பிட்டில் 28 பைட், 64 பிட்டில் 56 பைட். காம்பாட் வடிவத்தைக் குறிப்பிடாமல் விட்டால் கெர்னல் 28 பைட் அமைப்பை 56 பைட்டாகப் படித்து, பக்கத்தில் கிடக்கும் குப்பையைப் பாயின்டராக நம்பும். சென்ட்எம்எஸ்ஜி, ரிசீவ்எம்எஸ்ஜி, ரிசீவ்ஃப்ரம், கெட்சாக்ஆப்ட், செட்சாக்ஆப்ட் ஐந்துக்கும் காம்பாட் வடிவம் வேண்டும். சாக்கெட், பைண்ட், கனெக்ட் போன்றவற்றுக்கு வேண்டாம். கெட்சாக்ஆப்ட் ஏன் என்று கேட்கலாம். நேரக்கெடு போன்ற சில ஆப்ஷன்களின் மதிப்பு டைம்வால் அமைப்பாக வரும், அதன் அளவு இரண்டு பக்கமும் வேறு.

புதிய பதினைந்து அழைப்புகளில் அக்செப்ட், சென்ட், ரிசீவ் மூன்றும் இல்லை. கொடி பூஜ்யமாக உள்ள அக்செப்ட்4தான் அக்செப்ட். முகவரி இல்லாத சென்ட்டுதான் சென்ட். ரிசீவும் அப்படியே. இது ஃபில்டர் எழுதும்போது முக்கியம்: நிரலில் சென்ட் என்று இருந்தால் ஃபில்டரில் சென்ட்டுவின் எண்ணான 369ஐ அனுமதிக்க வேண்டும்.

கெர்னல் வேலை இத்தோடு முடிந்தது. உண்மையான உழைப்பு அப்புறம்தான் ஆரம்பித்தது. புதிய எண்களைக் கெர்னல் கொடுத்துவிட்டது. அவற்றைக் கூப்பிட ஆள் வேண்டுமே. நிரல்கள் எல்லாம் ஜிலிப்சி என்ற அடிப்படை சி லைப்ரரி வழியாகப் போகின்றன, ஜிலிப்சி இன்னமும் 102ஐத்தான் கூப்பிடுகிறது. 2016 பிப்ரவரியில் வந்த ஜிலிப்சி 2.23இல் நேரடி அழைப்புகளுக்கான ஆதரவு இருக்கிறது. ஆனால் "இந்த லைப்ரரி 4.3க்கும் மேலான கெர்னலில் மட்டுமே ஓடும்" என்று பில்ட் செய்யும்போதே உறுதி கொடுத்தால்தான் அது வேலை செய்யும். பொதுவான விநியோகங்கள் பழைய கெர்னலிலும் ஓட வேண்டும் என்பதால் அந்த உறுதியைக் கொடுப்பதில்லை. அதனால் கெர்னல் 4.4 ஆக இருந்தும் நிரல்கள் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருப்பது சாதாரணம்.

எங்கள் நிலைமை இன்னும் சிக்கல். 4.3 என்று உறுதி கொடுத்துக் கட்டிய ஜிலிப்சி, துவங்கும்போதே கெர்னலின் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பார்க்கும். எங்கள் கெர்னல் 4.1 என்று உண்மையைச் சொல்ல, 'கெர்னல் மிகப் பழையது' என்ற செய்தியோடு எல்லா நிரல்களும் முதல் வரியிலேயே நின்றன. நேரடி அழைப்புகள் உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலாது. பதிப்பு எண்ணைப் பொய்யாக மாற்றிவிடலாமா என்ற யோசனை குழுவில் வந்தது. நான் எதிர்த்தேன். 4.3இல் இருக்கும் மற்ற எல்லா வசதிகளும் இருப்பதாக லைப்ரரி நம்பிவிடும். அந்த நம்பிக்கை எங்கே எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கட்டுப்படுத்த வேண்டியது ஒரே ஒரு டீமன் என்பதால், அதற்கு மட்டும் சின்ன ரேப்பர் ஃபங்ஷன்கள் எழுதி, சிஸ்கால் என்ற பொது ஃபங்ஷன் வழியாக 359 முதல் 373 வரை நேரடியாகக் கூப்பிட வைத்தோம். பின்னால் 4.4 நீண்டகால ஆதரவுக் கெர்னலுக்கு மாறியபோது ஜிலிப்சியையும் முறையாகக் கட்டி, ரேப்பர்களைத் தூக்கிவிட்டோம். இன்று யாராவது இதே நிலையில் இருந்தால், கெர்னலை உயர்த்துவதையே முதலில் யோசிக்கச் சொல்வேன்.

ஜிலிப்சிக்கு மாற்றான மசல் லைப்ரரியின் பிந்தைய பதிப்புகள் வேறு விதம். நேரடி அழைப்பை முதலில் முயன்று, 'அப்படி ஓர் அழைப்பே இல்லை' என்று பொருள்படும் ஈநோசிஸ் பிழை வந்தால் சாக்கெட்காலுக்குத் திரும்பும். நல்ல ஏற்பாடு. ஆனால் உங்கள் ஃபில்டர் 359ஐ மறுக்கும்போது ஈநோசிஸ் என்று பதில் சொன்னால், லைப்ரரி நல்லெண்ணத்தோடு 102 வழியாக மறுபடி முயலும். 102 திறந்திருந்தால் தடுத்த சாக்கெட் அந்த வழியில் கிடைத்துவிடும். குடும்பம் பிடிக்கவில்லை என்று மறுக்கும்போது ஈஏஎஃப்நோசப்போர்ட், அதாவது 97ஆம் பிழையைக் கொடுப்பதுதான் சரி.

இங்கேதான் இந்த வேலையின் மையம் இருக்கிறது. நேரடி அழைப்புகளைச் சேர்த்ததால் மட்டும் பாதுகாப்பு ஒரு இம்மிகூட வளரவில்லை. தாக்குகிறவர் நம் லைப்ரரியின் வழியாகத்தான் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை; அவர் 102ஐ நேரே கூப்பிடுவார். அந்தப் புராசஸுக்கு 102ஐ அடியோடு மூடினால்தான் 359இல் வைத்த சோதனைக்கு அர்த்தம். இன்னொரு பக்கம், 102ஐ மட்டும் தடுத்து வைத்திருந்த பழைய ஃபில்டர்கள் 4.3 கெர்னலுக்குப் போனதும் ஓட்டையாகிவிட்டன, ஏனென்றால் 359 என்று ஒன்று வரும் என அவற்றுக்குத் தெரியாது. தடை செய்தவற்றைப் பட்டியலிடும் ஃபில்டரை நான் நம்பாததற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. அனுமதித்தவற்றைப் பட்டியலிடுங்கள், கெர்னல் நாளை என்ன புதிதாகச் சேர்த்தாலும் அது தானாக மூடியே இருக்கும்.

102ஐ மூடுவதற்கு முன், யார் யார் அதைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நிரலின் சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்டிரேஸ் இதற்கு உதவாது. அது மிகவும் அன்பான கருவி. சாக்கெட்காலைப் பிரித்து 'சாக்கெட்' என்றே அழகாகக் காட்டிவிடும், எந்த வழியாக வந்தது என்று பார்த்தவுடன் தெரியாது. கெர்னலின் சிஸ்_என்டர் டிரேஸ்பாயின்டில் (கண்காணிப்புப் புள்ளியில்) எண்ணே நேரடியாக வரும். வளர்ச்சி நிலையில் ஃபில்டரை 'டிராப்' (trap, பொறி) என்று வைத்து, தடுத்த அழைப்புக்கு அது அனுப்பும் சிக்சிஸ் சிக்னலைப் பிடித்து எண்ணை அச்சிடும் சின்ன ஹேண்ட்லரும் வைத்துக்கொண்டோம். அதன் மூலம் தெரிந்தது: கோ மொழியில் 386க்குக் கட்டிய நிரல்கள் லைப்ரரியைக் கேட்காமல் தாமாகவே சாக்கெட்காலைக் கூப்பிடுகின்றன. ஜிலிப்சியை எத்தனை முறை மாற்றினாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்டாட்டிக்காக லிங்க் செய்த பழைய பைனரிகளும் அப்படித்தான். ஃபில்டர் போட்ட பிறகு எக்ஸெக் செய்தாலும் ஃபில்டர் கூடவே போகும் என்பதால், டீமன் கூப்பிடும் துணை நிரல்களையும் இந்தச் சோதனையில் சேர்க்க வேண்டும்.

குடும்பத் தடையில் ஒரு விஷயம் கட்டாயம் உங்களைச் சந்திக்கும். பெயரை முகவரியாக மாற்றும் ஜிலிப்சியின் கெட்அட்ரின்ஃபோ, இயந்திரத்தில் என்னென்ன முகவரிகள் உண்டு என்று பார்க்கத் தானாகவே ஒரு நெட்லிங்க் சாக்கெட் (கெர்னலிடம் தகவல் கேட்கும் வகை) திறக்கும். நீங்கள் யூனிக்ஸ், ஐபிவி4 இரண்டை மட்டும் விட்டு, மற்றதற்கு 'கொல்' என்று எழுதியிருந்தால், பெயரைத் தேடிய அந்த நொடியில் புராசஸ் செத்துவிடும். பிழை எண் கொடுத்தால் அது சமாளித்துக்கொண்டு போகும். அதனால் எங்கள் முடிவு இப்படி அமைந்தது: 359இல் குடும்பம் பிடிக்காவிட்டால் 97ஆம் பிழை, 102 வந்தால் உடனடி மரணம். எங்கள் டீமனில் நேர்மையான நிரல்வரி எதுவும் 102ஐத் தொடாது என்று உறுதியான பிறகு, அதைத் தொடுகிறவர் அந்நியர்தான். செக்காம்ப் கொன்றால் ஆடிட் பதிவில் சிக்னல் 31 என்றும் சிஸ்கால் 102 என்றும் வரும். அந்த வரி வந்தால் எச்சரிக்கை அனுப்பும்படி வைத்தோம்.

செக்காம்ப் ஃபில்டர் எழுத உதவும் லிப்செக்காம்ப் லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு: 2.3.0 பதிப்பிலிருந்து அது இரண்டு வழிகளையும் அறியும். சாக்கெட் என்று ஒரு விதி எழுதினால் 102க்கும் 359க்கும் சேர்த்தே ஃபில்டர் உருவாக்கும். வசதிதான், ஆனால் விதியில் குடும்பத்தை ஒப்பிடும் நிபந்தனை இருந்தால் 102 பக்கத்தில் அந்த நிபந்தனையைக் காப்பாற்ற யாராலும் முடியாது. உருவான ஃபில்டரைப் படிக்கும் வடிவில் வெளியே எடுத்து ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

கெர்னலில் இந்த அழைப்புகள் இருக்கின்றனவா என்று சோதிக்க ஹெடர் கோப்பை நம்ப வேண்டாம். ஹெடரில் எண் இருப்பது, நிரலைக் கட்டிய இயந்திரத்தைப் பற்றியது. ஓடும் இயந்திரத்தில் குடும்பத்தை -1 என்று கொடுத்து 359ஐக் கூப்பிட்டுப் பாருங்கள். ஈஏஎஃப்நோசப்போர்ட் வந்தால் இருக்கிறது, ஈநோசிஸ் வந்தால் இல்லை. கன்டெய்னருக்குள் இதைச் செய்தால் வெளியே உள்ள ஃபில்டரின் பதிலும் இதில் கலக்கலாம்.

இதெல்லாம் 32 பிட் பழங்கதை, நாம் 64 பிட்டில் இருக்கிறோம் என்று நினைப்பவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். 32 பிட் ஆதரவோடு கட்டிய 64 பிட் கெர்னலில், 64 பிட் புராசஸே இன்ட் 0எக்ஸ்80 என்ற பழைய கட்டளையைக் கொடுத்து 32 பிட் அட்டவணைக்குள் நுழைய முடியும். 64 பிட் அட்டவணையில் 102 என்பது கெட்யூஐடி. யாரும் தடுக்க நினைக்காத அப்பாவி அழைப்பு. ஃபில்டர் கட்டமைப்பைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து 102ஐ அனுமதித்தால், இன்ட் 0எக்ஸ்80 வழியாக வருகிறவருக்கு அது முழு சாக்கெட்கால். ஃபில்டரின் முதல் வரியே கட்டமைப்புச் சோதனையாக இருக்க வேண்டும், 0எக்ஸ்சி000003ஈ இல்லையென்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். அதோடு, 5.19 கெர்னலிலிருந்து, கோரிக்கைகளை வரிசையில் போட்டுக் கெர்னலிடம் கொடுக்கும் ஐஓ_யூரிங் வழியாகவும் சாக்கெட் திறக்கலாம். அந்தக் கோரிக்கைகள் செக்காம்ப் ஃபில்டர் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே குடும்பத் தடை வைத்திருக்கும் புராசஸுக்கு 425ஆம் எண்ணான ஐஓ_யூரிங்_செட்டப்பையும் மூடிவிடுங்கள்.